பன்னிரண்டு வேலை நாட்களில் எத்தனை நாள் வயலுக்கு?

ஆராய்ச்சியில் கண்டதை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் வேளாண் விரிவாக்கப் பணியாளர் சரியாக வேலை செய்வதில்லை என்ற புகார் எழுந்தால் மேலிடம் மூன்று மருந்துகளில் ஒன்றை எழுதித் தரும்: பயிற்சி கொடு, கண்காணிப்பை இறுக்கு, ஆளை மாற்று. மூன்றுக்கும் அடியில் இருக்கும் நினைப்பு ஒன்றுதான், குறை ஆளிடம் என்பது. அதே ஆளை வேறு திட்டத்துக்கு மாற்றி, வேறு மேற்பார்வையாளரின் கீழ், பாதி எண்ணிக்கைக் குடும்பங்களை ஒப்படைத்துப் பாருங்கள். பல நேரம் நன்றாகவே வேலை செய்வார். செவ்வாய்க்கிழமை காலை அவர் வயலுக்குப் போவாரா அலுவலகத்துக்குப் போவாரா என்பது அவருடைய ஆர்வத்தைப் பொறுத்தது மட்டுமில்லை. அவருடைய நாட்குறிப்பில் யார் கையெழுத்துப் போடுகிறார், அந்தக் கையெழுத்துக்கு எது கணக்கில் வருகிறது என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

நிறுவன அமைப்பு என்றதும் சுவரில் மாட்டிய பெட்டியும் கோடுமான படம் நினைவுக்கு வரும். அந்தப் படம் பாதிதான் சொல்லும். ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே எத்தனை பேர், ஒரு பணியாளருக்கு எத்தனை குடும்பம், முடிவெடுப்பவர் எத்தனை படி மேலே இருக்கிறார், எந்தப் படிவம் எந்தத் தேதியில் போக வேண்டும், ஆராய்ச்சி நிலையத்தோடு நேரடியாகப் பேச யாருக்கு அனுமதி, பதவி உயர்வு யார் கையில், பயணப்படி எந்தத் தலைப்பில் வருகிறது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அமைப்பு. பயணப்படியை இங்கே சேர்ப்பதைப் பார்த்துச் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சம்பளம் தவறாமல் வந்து, பெட்ரோலுக்கு மட்டும் பணம் வராத துறையில் பணியாளர் அலுவலகத்தையே சுற்றிக்கொண்டிருப்பார். அதை விளக்கப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை.

இரண்டு வாரத்துக்கு வேலை நாள் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பன்னிரண்டு நாளையும் எப்படிப் பங்கிட வேண்டும் என்று கறாராக எழுதிவைத்த முறை ஒன்று உண்டு. இஸ்ரேலைச் சேர்ந்த விரிவாக்க நிபுணர் டேனியல் பெனோர் உருவாக்கிய ‘பயிற்சியும் பார்வையிடலும்’ முறை அது. துருக்கியில் செய்ஹான் திட்டத்தில் 1967-ல் முளைவிட்டு, 1974 வாக்கில் இந்தியாவின் சம்பல் பாசனப் பகுதிக்கு வந்து, உலக வங்கியின் கடனோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. இன்று அதைப் பழையது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அமைப்புக்கும் வேலைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை, ஏனென்றால் அது எல்லாவற்றையும் எண்களாக எழுதிவைத்தது.

கணக்கு இப்படி. பணியாளர் தம் பகுதிக் குடும்பங்களை எட்டுக் குழுக்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாறாத ஒரு கிழமை. அதற்கு எட்டு நாள் போய்விடும். ஒரு நாள் பயிற்சி. மிச்சமுள்ள மூன்று நாளில் விட்டுப்போன ஊர்கள், வயல் சோதனை, அலுவலக வேலை. பொறுப்பில் 800 குடும்பம் இருந்தால் குழுவுக்கு 100. பத்துக்கு ஒருவர் வீதம் குழுவுக்குப் பத்துத் தொடர்பு விவசாயிகள், அதாவது பணியாளர் சொன்னதை மற்றவர்களுக்குக் கொண்டுசேர்ப்பவர்கள். ஆறிலிருந்து எட்டுப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர், அதேபோல ஆறிலிருந்து எட்டு மேற்பார்வையாளருக்கு மேலே ஒரு அலுவலர். கட்டளை ஒரே வரிசையில்தான் இறங்கும். விதை விற்பது, உரம் வழங்குவது, கடன் வசூலிப்பது எதுவும் களப்பணியாளர் தலையில் விழக்கூடாது.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் மாறாத கிழமைதான். புதன்கிழமை வர வேண்டியவர் வரவில்லை என்றால் அந்தக் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். மேற்பார்வையாளர் தம் வீட்டில் இருந்தாலும் அன்று அந்தப் பணியாளர் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். கண்காணிப்பின் பாதிச் சுமையைச் செலவில்லாமல் விவசாயிகளிடமே ஒப்படைத்த ஏற்பாடு அது. பிறகு வந்த ‘நெகிழ்வான’ திட்டங்கள் பலவும் முதலில் தூக்கிப் போட்டது இந்தக் கிழமையைத்தான். அதற்குப் பதிலாக வந்தவை வருகைப் பதிவேடும், இடக்குறியோடு எடுத்த புகைப்படமும்.

அந்த முறை சறுக்கிய இடமும் அமைப்புக்குள்ளேதான் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்வையிடல் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு புதிய செய்தி வேண்டும். நீர்ப்பாசனம் உள்ள, ஒரே பயிர் விளையும் இடத்தில் நாற்றின் வயது, இடைவெளி, உரத்தைப் பிரித்துப் போடுதல் என்று முதல் சில பருவங்களுக்குச் சொல்லச் சரக்கு இருந்தது. மானாவாரி நிலத்தில், ஐந்தாறு பயிர் கலந்து, மழை எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் மேலிருந்து வந்த ஒரே பரிந்துரை பொருந்தவில்லை. ஆராய்ச்சிப் பக்கமிருந்து புதிதாக எதுவும் வராதபோது பணியாளர் பழைய செய்தியையே சுமந்துகொண்டு போனார், விவசாயிகள் வருவதை நிறுத்தினார்கள். பணியாளர் எண்ணிக்கையைப் பெருக்கியதில் சம்பளச் சுமை நிலைத்தது, கடன் காலம் முடிந்ததும் பயணச் செலவுக்கான பணம் நின்றது. கென்யாவில் 1982-ல் சோதனையாகத் தொடங்கிய இந்த முறையை உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே 1990களின் இறுதியில் கடுமையாக விமர்சித்தது. காகிதத்தில் எழுதிய அட்டவணைப்படி பார்வையிடல் நடக்கவில்லை என்பது அதில் ஒரு குறை.

ஒருவருக்குக் கீழே எத்தனை பேர்

மேற்பார்வை வீச்சு என்று மேலாண்மைப் பாடத்தில் சொல்வதை விரிவாக்கத் துறையில் நாளாக மாற்றிப் பார்க்க வேண்டும். எட்டுப் பணியாளர் உள்ள மேற்பார்வையாளர் ஆளுக்கு ஒரு நாள் வயலில் கூட இருந்தால் இரண்டு வாரத்தில் எட்டு நாள். கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் நான்கு நாள் மிச்சம், சமாளிக்கலாம். இருபது பேர் இருந்தால் அதே வேலைக்கு இருபது நாள் வேண்டும். பன்னிரண்டு நாளில் முடியாது. அப்போது என்ன ஆகிறது? அவர் மேற்பார்வையைக் கைவிடுவதில்லை, காகிதத்துக்கு மாற்றிக்கொள்கிறார். வாராந்திர அறிக்கை, மாத அறிக்கை, ரிவ்யூ மீட்டிங், கைப்பேசிக் குழுவில் ‘உடனே அனுப்பவும்’ என்ற செய்தி. பணியாளரின் மிச்ச மூன்று நாளும் அலுவலகத்துக்கே போய், அதுவும் போதாமல் ஐந்தாகிறது. வயல் நாள் எட்டிலிருந்து ஆறாகிறது. மேலிடத்துக்கு இது ‘களப்பணியாளரின் மெத்தனம்’ என்று தெரியும். உண்மையில் மேலே ஒரு பணியிடத்தை நிரப்பாமல் விட்டதன் விளைவு கீழே வந்து விழுந்திருக்கிறது.

வீச்சு மிகக் குறுகினாலும் சிக்கல்தான். மூன்று பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்றால் நடுவில் படிகள் கூடும், ஒவ்வொரு படியும் தன் இருப்பை நியாயப்படுத்தத் தனக்கென ஒரு படிவம் கேட்கும். ஆகவே வீச்சை மட்டும் பார்க்காமல் படிகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

படிகளின் விளைவு கேள்வி மேலே போகும்போது தெரியும். ஒரு விவசாயி இலையில் புள்ளி விழுந்த செடியைக் கொண்டுவந்து காட்டுகிறார். பணியாளருக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளர், வட்டார அலுவலர், மாவட்ட அலுவலர், ஆராய்ச்சி நிலையம் என்று நான்கு படி மேலே போக வேண்டும். படிக்கு மூன்று நாள் வைத்தால் போக 12, வர 12, மொத்தம் 24 நாள். இலைப்புள்ளி நோய் அவ்வளவு காலம் காத்திருக்காது. இரண்டு பருவம் இப்படிப் பட்ட பணியாளர் இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்வார். தெரிந்த ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார், அல்லது கேள்வி கேட்கக்கூடிய ஊர்களுக்குப் போவதையே குறைத்துக்கொள்வார். இரண்டாவது அறிக்கையில் எங்கும் தெரியாது என்பதுதான் ஆபத்து.

அமெரிக்காவில் 1914-ல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் வேறு வழி எடுத்தது. விரிவாக்கத்தை நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களோடு (அரசு நிலம் கொடுத்து உருவானவை) இணைத்து, செலவை மத்திய, மாநில, மாவட்ட அரசுகள் பகிர்ந்துகொள்ள வைத்தது. கவுண்டி (மாவட்ட) விரிவாக்க முகவரும் பூச்சியியல் பேராசிரியரும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் நோயுற்ற இலை ஆய்வகத்துக்குப் போகத் துறை தாண்ட வேண்டியதில்லை. பணத்தில் ஒரு பங்கு உள்ளூரிலிருந்து வருவதால் ஊர்க்காரர்களின் பேச்சுக்கும் எடை உண்டு. அதை அப்படியே வேறு நாட்டில் நட முடியாது. ஆனால் நோயுற்ற செடியின் மாதிரியைப் பணியாளரே நேராக ஆய்வகத்துக்கு அனுப்பலாம், மேற்பார்வையாளருக்கு ஒரு நகல் போதும் என்று ஒரு சுற்றறிக்கை போடுவது எந்தத் துறைக்கும் முடியும்.

இரண்டு எஜமானர்கள்

சம்பளம் ஓரிடம், தொழில்நுட்பக் கட்டளை வேறிடம் என்று பிரிந்தால் பணியாளர் சம்பளம் தருபவர் பக்கம்தான் சாய்வார். பிலிப்பைன்ஸில் 1991-ன் உள்ளாட்சிச் சட்டம் விரிவாக்கப் பணியாளர்களை மத்திய வேளாண் துறையிலிருந்து எடுத்து மாகாண, நகராட்சி நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. விவசாயிக்கு அருகே முடிவெடுக்கும் அதிகாரம் வர வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் தவறில்லை. ஆனால் தேசியத் திட்டங்கள் பழைய துறையிடமே இருந்தன, பணியாளரோ மேயரின் கீழ். வேளாண்மையில் அக்கறை உள்ள மேயர் வாய்த்த ஊரில் வேலை நடந்தது. வாய்க்காத ஊரில் பயணச் செலவுக்குப் பணமில்லை, வேளாண்மைக்குச் சம்பந்தமில்லாத பணிகள் வந்து சேர்ந்தன. இன்னொன்றும் நடந்தது. முன்பு நாடு முழுவதும் நீண்டிருந்த பதவி ஏணி ஒரு நகராட்சிக்குள் சுருங்கியது. மேலே ஒரே ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்திருப்பவர் ஓய்வுபெற வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் திறமையாக வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இந்தியாவில் இதற்கு எதிர்த்திசையில், துறைகளை மாவட்ட அளவில் ஒன்றுசேர்க்க ஒரு முயற்சி நடந்தது. அட்மா என்று அறியப்படும் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை 1998-ல் ஏழு மாநிலங்களின் 28 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2005-லிருந்து நாடு முழுவதும் பரவியது. மாவட்டத்தில் பதிவுபெற்ற சங்கம், அதற்கு ஆட்சித் தலைவர் தலைமையில் குழு, வட்டாரத்தில் பல துறை அலுவலர்கள் சேர்ந்த தொழில்நுட்பக் குழு, பக்கத்திலேயே விவசாயிகள் ஆலோசனைக் குழு. காகிதத்தில் அழகான அமைப்பு. பரவலாக்கிய முதல் ஆண்டுகளில் இதற்கென்று தனி ஆட்கள் இல்லை, ஏற்கெனவே இருந்தவர்களுக்குக் ‘கூடுதல் பொறுப்பு’. அரசு அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது ஊரறிந்த விஷயம். 2010-ல் வழிகாட்டு நெறிகளைத் திருத்தித் தனிப் பணியிடங்கள் கொடுத்தார்கள், அவை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில். ஒப்பந்தப் பணியாளர் ஊரைப் படித்து முடிக்கும்போது நிரந்தர வேலை தேடிப் போய்விடுவது அடுத்த சிக்கல். புதிய பெட்டியைப் படத்தில் வரைகிறவர்கள் அதில் உட்காரப் போகும் ஆளுக்கு எத்தனை நாள் நேரம் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

எதை எண்ணுகிறார்களோ அதுதான் வேலை

மதிப்பீட்டில் பார்வையிடல் எண்ணிக்கை கேட்டால் பார்வையிடல் எண்ணிக்கை கிடைக்கும். கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் சுட்டிக்காட்டிய சாலையோரச் சாய்வு இங்கேதான் பிறக்கிறது. தார்ச்சாலையை ஒட்டிய வயல், எப்போதும் வீட்டில் இருக்கும் வசதியான விவசாயி, மழையில்லாத மாதம் என்று எளிதானவை முதலில் எண்ணிக்கையை நிரப்பும். வாய்க்காலின் கடைமடை, குத்தகைக்குப் பயிரிடுபவர், கணவர் வெளியூரில் இருக்கத் தனியே நிலத்தைப் பார்க்கும் பெண் ஆகியோர் பட்டியலின் அடியில் தங்குவார்கள். பணியாளர் கெட்டவர் என்பதால் இது நடப்பதில்லை. மாதத்துக்கு நாற்பது பார்வையிடல் என்ற டார்கெட்டை அரை லிட்டர் பெட்ரோலில் முடிக்க வேறு வழியில்லை.

இதைவிடப் பெரிய கோணல், ஆலோசனை சொல்பவர் கையிலேயே மானியப் பட்டியலையும் கொடுப்பது. பயனாளியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வந்த நாளிலிருந்து விவசாயி அவரைப் பார்க்க வருவது பயிரைப் பற்றிக் கேட்க அல்ல. பெயர் சேர்ந்ததா என்று கேட்க. பெயர் சேராதவர் அவர் சொல்லும் பயிர்ப் பரிந்துரையையும் நம்ப மாட்டார். மேலும் மானியத்துக்குத் தணிக்கை உண்டு, கோப்பு உண்டு, கடைசித் தேதி உண்டு. ஆலோசனைக்கு இவை ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் கடைசித் தேதி உள்ளது ஜெயிக்கும். எத்தியோப்பியாவில் கெபெலே என்னும் ஒவ்வொரு அடிமட்ட நிர்வாகப் பகுதிக்கும் பயிர், கால்நடை, இயற்கை வளம் என்று மூன்று பணியாளரை வைத்தார்கள். அடர்த்தியில் மிகச் சில நாடுகளே அதற்கு ஈடு. அங்கேயும் உரக்கடன் வசூல், நிர்வாகப் பணிகள் என்று வேறு வேலைகள் சேர்ந்து ஆலோசனை நேரத்தைத் தின்றன. ஆட்களைக் கூட்டுவது மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி.

உகாண்டா 2001-ல் சட்டம் போட்டு வேறொன்றைச் செய்துபார்த்தது. விவசாயிக் குழுக்கள் தேவையைச் சொல்ல, ஒப்பந்த முறையில் தனியார் ஆலோசகர்கள் வருவார்கள். கேட்பவரிடம் பதில் சொல்லும் கடமை என்ற வகையில் துணிச்சலான அமைப்பு. 2014 வாக்கில் காற்று திசை மாறி, ராணுவத்தினரைக் கொண்டு விதையும் கன்றும் விநியோகிக்கும் திட்டம் முன்னுக்கு வந்தது. எத்தனை கன்று கொடுத்தோம் என்பதை எண்ணுவது சுலபம். எத்தனை பேர் நடவு இடைவெளியைப் புரிந்துகொண்டார்கள் என்பதை எண்ணுவது கடினம். அரசியலுக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

அப்படியானால் கறாரான அமைப்பு கெட்டது, தளர்வானது நல்லதா? 1961-ல் நிறுவன ஆய்வாளர்கள் டாம் பர்ன்ஸும் ஸ்டாக்கரும் பிரிட்டிஷ் தொழிற்சாலைகளை வைத்துச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: சூழல் நிலையாக இருந்தால் இயந்திரம் போன்ற அமைப்பு ஓடும், மாறிக்கொண்டே இருந்தால் உயிரி போன்ற அமைப்பு தேவை. ஒரு மாவட்டம் முழுக்க விதை நேர்த்தியைக் கொண்டுசேர்க்க வேண்டுமா? மேலிருந்து ஒரே செய்தி, ஒரே வாரம், ஒரே அளவு. கட்டளை வரிசை நன்றாக வேலை செய்யும். பூச்சி மேலாண்மைக்கு அது உதவாது, ஒரே ஊரில் பக்கத்து வயலுக்கும் இந்த வயலுக்கும் முடிவு வேறாகும்.

இந்தோனேசியாவில் நெல்லில் புகையான் பூச்சி வெடித்தபோது 1986-ல் அதிபரின் ஆணை ஒன்று 57 பூச்சிக்கொல்லி வகைகளை நெல்லில் தடைசெய்தது. அடுத்து 1989-ல் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகள் வேலையின் வடிவத்தையே மாற்றின. சுமார் 25 விவசாயிகள் பருவம் முழுக்க வாரம் ஒரு முறை வயலில் கூடி, சிறு குழுக்களாகப் பூச்சியையும் அதன் எதிரிகளையும் எண்ணி, தாளில் வரைந்து, தெளிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். பயிற்றுநர்கள் அதற்கு முன் தாங்களே ஒரு பருவம் நெல் பயிரிட்டுப் பழக வேண்டும். இந்தப் பொறுப்பில் முதலில் முக்கியமாக நின்றவர்கள் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவின் பூச்சிக் கண்காணிப்பாளர்கள். பழைய விரிவாக்க வரிசையின் அறிக்கைச் சுமை அவர்கள் மேல் இல்லாதது தற்செயலாக அமைந்த நன்மை என்றே தோன்றுகிறது. குறையும் உண்டு: ஒரு பயிற்றுநர் ஒரு பருவத்தில் சில பள்ளிகளைத்தான் நடத்த முடியும், தலைக்கு ஆகும் செலவு கூடும், பள்ளிக்கு வராத பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த அறிவு தானாகப் பரவுவதில்லை.

எங்கிருந்து தொடங்குவது

அமைப்பை மாற்றும் அதிகாரம் கையில் இல்லாத வட்டார அலுவலர்கூடச் செய்யக்கூடியது அரைநாள் கணக்கு. நான்கு வாரத்துக்கு ஒவ்வொரு பணியாளரும் ஒவ்வொரு அரைநாளையும் ஐந்தில் ஒன்றில் குறிக்க வேண்டும்: வயல், அலுவலகம், கூட்டமும் பயிற்சியும், பயணம், பிற துறை வேலை. மொத்தம் 48 அரைநாள். தாளில் பெயர் இருக்கக் கூடாது. பெயர் இருந்தால் எல்லாரும் வயலில் 40 என்று எழுதிவிடுவார்கள், அந்தத் தாள் குப்பைக்குத்தான் ஆகும். நல்ல காலத்தில் ஒரு வாரம், மானியக் கடைசித் தேதி நெருங்கும் காலத்தில் ஒரு வாரம் என்று கலந்து எடுத்தால் உண்மை தெரியும். தொடர்ச்சியாக எடுத்தால் சுலபமான மாதமாக அமைந்துவிடும்.

கூடவே இரண்டு பட்டியல். ஒன்று, அந்த அலுவலகத்திலிருந்து போகும் அத்தனை படிவங்கள்: யாருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதைப் படித்துவிட்டு யாராவது ஒரு முடிவாவது எடுத்திருக்கிறார்களா. ஒரே விதைப்புப் பரப்பை மூன்று வடிவத்தில் மூன்று பேருக்கு அனுப்பிக்கொண்டிருப்பது தெரியவரும். கைப்பேசிச் செயலி வந்த பிறகு காகிதப் பதிவேட்டை நிறுத்தாமல் இரண்டையும் ஓட்டுவது இப்போது மிகச் சாதாரணமான கோளாறு. இரண்டாவது பட்டியல் கேள்வி நோட்டு: விவசாயி கேட்ட தேதி, மேலே அனுப்பிய தேதி, பதில் அவரிடம் சேர்ந்த தேதி. மூன்று மாதத்தில் எந்தப் படியில் கேள்வி தூங்குகிறது என்று நோட்டே காட்டிக்கொடுக்கும்.

மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் படிவங்களை வெட்ட வேண்டும், ஏனென்றால் அதற்குச் செலவில்லை, பணியாளருக்கு நம்பிக்கை வரும். பிறகுதான் மாறாத கிழமை. படிவத்தைக் குறைக்காமல் கிழமையை அறிவித்தால் இரண்டாவது வாரமே அவசரக் கூட்டம் ஒன்று அதே கிழமையில் வந்து விழும், விவசாயிகள் ஒரு முறை காத்திருந்து ஏமாந்தால் மறுபடி வர மாட்டார்கள். ஆகவே வாரத்தில் ஒரே ஒரு நாளைக் கூட்டத்துக்கு ஒதுக்கி, மற்ற நாளில் யாரையும் அழைப்பதில்லை என்று மேலே இருப்பவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் மேற்பார்வையாளரின் பங்கு: மாதத்துக்கு ஒரு நாளாவது ஒவ்வொரு பணியாளரோடும் காலை முதல் மதியம் வரை வயலில் இருப்பது, அன்று அறிக்கை எதுவும் கேட்காமல். மானியப் பணியைப் பிரிக்க ஆள் இல்லையென்றால் குறைந்தது நாளையாவது பிரிக்கலாம். மானிய விண்ணப்பம் திங்கட்கிழமை அலுவலகத்தில் மட்டும், வயலில் கிடையாது என்று அறிவித்தால் போதும். பயணப்படியைக் கிலோமீட்டர் கணக்கில் அல்லாமல் குழு கூடிய கணக்கில் தரும்போது தூரத்து ஊர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், இல்லையென்றால் சாலையோரமே மறுபடி நிரம்பும்.

ஒரு பருவம் முடிந்ததும் அதே தாள், அதே 48 அரைநாள், மறுபடியும் பெயரில்லாமல். அலுவலகத்திலிருந்து மீட்ட அரைநாட்கள் வயலுக்குப் போயினவா, அல்லது பிற துறை வேலை என்ற கட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தனவா என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் முறை பாதி அங்கேதான் போயிருக்கும். அடுத்த பருவத்துக்கு எந்தத் துறைத் தலைவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அந்தக் கட்டத்திலேயே இருக்கிறது.